மலைக்கு முதுகு காட்டி

என் வீட்டுக்காரரை எங்கள் ஏலத்தோட்டத்தில் எல்லோரும் கோச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். எண்பதுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அவர் ஒரு காலத்தில் கால்பந்தில் கோலாக அடித்துத் தள்ளியவர் என்பதே தெரியாது. ஒரு காலை இழுத்து இழுத்து மைதானத்து ஓரமாக நடந்துகொண்டு, விசிலை வாயில் வைத்தபடியே திட்டுகிற மனிதர், அவ்வளவுதான். போடியில் ஆட்டம் என்றால், இறங்குவதற்கு முன்னால் பையன்களை வரிசையாக மலைக்கு முதுகு காட்டி நிற்கவைப்பார். டவுன்காரர்கள் ஏதோ குலசாமியைக் கும்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். சாமியும் இல்லை, பூதமும் இல்லை. எல்லாம் எங்கள் மைதானத்தின் கோளாறு.

போடிமெட்டுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் சமதரை என்றால், ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரின் வாசல் மட்டும்தான். நாங்கள் வேலைக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்குக் கீழே சரிவைக் கொஞ்சம் வெட்டி, அதற்கு மைதானம் என்று பெயர் வைத்திருந்தார்கள். லயத்துப் பக்கம் மேடு, ஓடைப் பக்கம் பள்ளம். பந்தை நேராக உதைத்தால் அது ஓடையைப் பார்த்து உருண்டுவிடும். அதனால் எங்கள் ஆட்கள் கோலுக்கு மேட்டுப் பக்கமாக, கம்பத்துக்கு வெளியே குறிவைத்து அடிப்பார்கள். பந்து தானாக இறங்கி வந்து உள்ளே நுழையும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. காலுக்கே பழகிப்போன சங்கதி.

இவர் முதல்முதலாகப் போடிக்கு ஆடப்போனபோது இந்தப் பழக்கம்தான் மானத்தை வாங்கியது. தரை அங்கே தட்டையாகக் கிடக்கிறது. ஆனால் மைதானத்துக்கு மேற்கே மலை நிற்கிறதே, அதைக் கண்டதும் கால் அந்தப் பக்கத்தை மேடு என்று எடுத்துக்கொண்டது. அடித்த பந்தெல்லாம் மலைப் பக்கமாகவே வெளியே போனதாம். வேடிக்கை பார்த்தவர்கள், மலைக்குக் கோல் போடுகிறான் பார் என்று சிரித்தார்களாம். கல்யாணமான புதிதில் இதை அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதன்பிறகு மலைக்கு ஒரு கால், டவுனுக்கு ஒரு கால் என்று பழக்கிக்கொண்டார். எழுபதுகளின் நடுவில் அவர் பந்தோடு ஓடிவந்தால் கோல் காக்கிற கோலி பின்னால் நகர்ந்துகொள்வான் என்று சொல்வார்கள். நான் பார்த்தவரை அது பொய்யில்லை.

ஆட்டத்தைவிட அவருக்குப் பேச்சு அதிகம். நான் பகலெல்லாம் குனிந்து காய் பறித்து, காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இடுப்பு ஒடிய வந்து அடுப்புப் பற்றவைப்பேன். அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு அன்றைய ஆட்டத்தை முதலிலிருந்து ஆரம்பிப்பார். யார் யாருக்குத் தள்ளினான், பந்து எந்தக் கல்லில் பட்டுத் துள்ளியது, எல்லாம் வரும். நடுநடுவே "கேக்குறியா?" என்பார். "காது இருக்குல்ல, கேக்குது" என்று சிடுசிடுப்பேன். அவருக்கு அது போதும். உலை கொதிக்கிற சத்தத்துக்கு மேலே பேசிக்கொண்டே இருப்பார்.

ஒரு மழைக்காலத்தில் பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம். சேற்றில் சறுக்கிப்போய்க் கோலியின் மேல் மோதினார். முழங்கால் திரும்பிவிட்டது. எண்ணெய்க் கட்டுப் போட்டுப் பார்த்தோம், தேனியில் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். நடக்கலாம், ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றோடு பேச்சு நின்றது. ஸ்டோர் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். சோறு வேண்டுமா என்றால் தலை ஆடும். சாயங்காலம் மைதானத்துச் சத்தம் கேட்டால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். கால் போனது பெரிதில்லை, ஆள் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வாயாடி என்று நான் திட்டிய அதே மனிதர் ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

மறுவருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போடியில் இருக்கிற என் அம்மா வீட்டுக்கு இரண்டு பேரும் போயிருந்தோம். அன்றைக்கு எங்கள் தோட்டத்துப் பையன்களுக்கு அங்கே ஆட்டம். திரும்பும்போது ஜீப்பு நிற்கிற இடத்துக்குப் போக நல்ல குறுக்குவழி இருந்தும், நான் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போகிற வழியில் நடந்தேன். அவரும் பின்னாலேயே வந்தார். கூட்டத்துக்குப் பின்னால் வந்ததும், செருப்பு வார் அறுந்துவிட்டது என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன். வேறு வழியில்லாமல் அவரும் நின்றார்.

எங்கள் பையன்கள் ஓட்டத்தில் குறைவைக்கவில்லை. ஆனால் அடித்த பந்து ஒவ்வொன்றும் மேற்குப் பக்கமாகவே வெளியே போனது. கூட்டம் சிரித்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு ஏதோ முணுமுணுத்தது.

"என்னங்க?" என்றேன்.

"மலையப் பாத்து அடிக்கிறானுக."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவராக வாய் திறந்து சொன்னது அதுதான். அடுத்த பந்தும் அப்படியே போக, அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கோ தேர் நிலைக்கு வந்த மாதிரி இருந்தது. இடைவேளை விசில் ஊதியதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். நொண்டி நடக்கிறோமே, ஊர் பார்க்கிறதே என்ற நினைப்பே இல்லை. பையன்களின் தோளைப் பிடித்து ஒவ்வொருவராகக் கிழக்கே திருப்பி நிறுத்தினார்.

"மலைய மறங்கடா. இங்க தரை உங்கள ஏமாத்தாது. கோலு எங்க இருக்கோ அங்க அடிங்க."

இரண்டாம் பாதியில் ஒரு கோல் விழுந்தது. மற்றபடி ஆட்டத்தில் தோற்றுத்தான் போனார்கள். ஆனால் பையன்கள் மறுநாள் சாயங்காலம் எங்கள் லயத்து வாசலில் வந்து நிற்பார்கள் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அப்படித்தான் வந்தார்கள். அவர் கோச்சு ஆனது அப்படித்தான்.

அன்றைக்குத் திரும்பும்போது ஜீப்பில் மூச்சுவிட இடமில்லை. மூட்டைகளுக்கும் ஆட்களுக்கும் நடுவே நாங்கள் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். முந்தல் தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியதும் அவர் ஆரம்பித்தார். அந்த இடதுபக்கப் பையன் பந்தை வைத்துக்கொண்டு யோசிக்கிறான், கோலி கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறான், அந்த ஒரு கோல் விழுந்ததே, அதற்கு முன்னால் யார் யாருக்குத் தள்ளினான் தெரியுமா. வளைவுக்கு வளைவு பேச்சு நீண்டது. எனக்கு ஜீப்பில் ஏறினாலே தலை சுற்றும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாள், கொஞ்சம் வாயை மூடச் சொல்லும்மா என்பது போல என்னைப் பார்த்தாள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் என் தோளைத் தட்டினார். "கேக்குறியா?"

காது இருக்கிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"கேக்குறேன். சொல்லுங்க."