உப்பு மூட்டை தாங்கிய துண்டு

மாம்புரி மீனவர் மஜீத் நானாவின் எஞ்சினைப் படகோடு இறுக்கிப் பிடிக்கும் துண்டை, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் டைட்டேனியத்தில் நான்தான் செய்து கொடுத்தேன்.

"மேலெல்லாம் சொரசொரப்பா இருக்கே தம்பி, தேய்க்கத் தேவல்லையா?" என்று கேட்டார்.

நாலு உப்பு மூட்டையை அதில் தொங்கவிட்டுக் காட்டினேன். வளையவில்லை. சிரித்தேன்.

கடல் ஒருமுறை இழுத்துவிட்டுப் போகாது, ஓயாமல் உலுக்கும். அந்த உலுக்கலில் விரிசல் பிறப்பது சொரசொரப்பில்தான் என்று படித்தவன் நான். தேய்க்கச் சோம்பல்.

மூன்றாம் மாதம் துண்டு முறிந்து எஞ்சின் கடலுக்குள் போய்விட்டது. அவரை வேறொரு படகு கட்டியிழுத்து வந்தது.

கரையில் நின்ற என்னிடம் முறிந்த துண்டை நீட்டினார். விரிசல் தொடங்கிய இடம் தேய்க்காத ஓரத்திலேயே தெரிந்தது.

"நான்தான் பிழையா இறுக்கிட்டேன் போல. கோவிக்க வாணாம் தம்பி."

"இருக்கும் நானா" என்றேன்.

இன்றுவரை அதை நான் திருத்திச் சொல்லவில்லை.