பத்துப் பேரோடு ஓடிப்போன கலாதேவி

கமுந்திங் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிப்போகும் பேருந்து ஒன்றை கலாதேவி ஓட்டுகிறாள். 2007 மார்ச் மாதம் தொடங்கிய வேலை. பதினாறு ஆண்டுகளில் ஒரு விபத்து இல்லை. அவள் வண்டியில் ஏறியவர் யாரும் முதல் ஷிப்டுக்குப் பிந்தியதில்லை. நாற்பத்து மூன்று வயதில் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். அதுவும் ஓடிப்போய்.

"இந்த வயசுல ஓடிப்போறியாக்கா?" என்று சிரித்தாள் விமலா. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவள், கலாதேவிக்கு இருக்கும் ஒரே தோழி.

"ஓடுறதுக்கு முட்டி எங்க விடுது? பஸ்ஸுலதான் போறேன்லா."

இருபத்தாறு வயதில் அவளுக்கு ஈப்போவில் மண்டபம் பிடித்திருந்தார்கள். மூன்று நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். அப்பா படுத்துவிட்டார். அண்ணன் அப்பாவு அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். அழைப்பு கொடுத்திருந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரையும் தொலைபேசியில் கூப்பிட்டு, "கல்யாணம் நின்னுபோச்சு, வராதீங்க" என்று அழாமல் சொன்னவள் கலாதேவி. இரண்டு நாள் பிடித்தது. நான்கு மாதம் கழித்துப் பேருந்து உரிமம் எடுத்தாள்.

காலை ஆறு பத்துக்கு அவள் வண்டியில் ஏறுபவர் ஜெயபாலன். இயந்திரம் பழுது பார்ப்பவர், மனைவியை இழந்து எட்டு ஆண்டு. இரண்டு ஆண்டு 'வணக்கம்' மட்டும் சொன்னார். மூன்றாம் ஆண்டு கல்யாணப் பேச்சை எடுத்தார். அவள் ஒப்புக்கொண்டாள்.

"எத்தன பேரக் கூப்பிடலாம் கலா?"

"ஒம்போது. நம்ம ரெண்டு பேரையும் சேத்து."

"அது என்ன ஒம்போது?"

"நின்னுபோச்சுன்னா, டீ ஆறுறதுக்குள்ள எல்லாருக்கும் சொல்லிப்புடலாம்."

ஜெயபாலன் சிரிக்கவில்லை. "நிக்காது," என்றார்.

இடத்தையும் அவளே முடிவு செய்தாள். அவள் பிறந்தது சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். இன்று அங்கே செம்பனை நிற்கிறது. அதற்குப் பின்னால் காடு, காட்டுக்குள் ஓர் அருவி. விடுமுறை நாளில் மூன்று முறை போய்ப் பார்த்தாள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து நடை பதினெட்டு நிமிடம். அருவிக்குக் கீழே தட்டைப்பாறை, ஒன்பது பேர் தாராளமாக உட்காரலாம். பழைய தோட்டத்துக் கோயில் பூசாரி சன்னாசி நாள் பார்த்துக் கொடுத்தார்: 2023 ஆகஸ்டு 27, ஞாயிறு, காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள்.

உறவினர் காதுக்கு ஒரு சொல் போகாமல் எல்லாம் நடந்தது. ஒன்றை மட்டும் அவள் மறந்துவிட்டாள். திருமணப் பதிவுக்கு மனு கொடுத்தால் பெயர்களை இருபத்தொரு நாள் பதிவு அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைப்பார்கள். ஐசி என்ற அடையாள அட்டை கொடுப்பதும் அதே அலுவலகம்தான். பதினான்காம் நாள் அப்பாவு அங்கே போய்விட்டான்.

"ஊரே செவுத்துல படிக்குது, கூடப்பொறந்தவனுக்குத் தெரியாது!" என்று அவள் வீட்டு வாசலில் நின்று கத்தினான்.

"நீ எதுக்குண்ணே அங்க போன?"

"ஐசி தொலைஞ்சுபோச்சு!"

"ஒரு ஐசிய ஒழுங்கா வச்சிக்கத் தெரியல, என் கல்யாணத்த நடத்த வந்துட்டாரு."

"ஹாலு எடுக்குறேன் கலா. அன்னிக்குப் பட்ட அவமானத்துக்கு ஆயிரம் பேரக் கூட்டி நிறுத்துறேன்."

"வரணும்னா நீயும் அண்ணியும் பஸ்ஸுல ஏறுங்க. அஞ்சு அம்பது. பிந்துனா விட்டுட்டுப் போயிருவேன்."

அந்த ஞாயிறு காலை ஐந்தரைக்கே வந்து நின்றார்கள், அண்ணன் பட்டு வேட்டியில். அரக்குப் பட்டுச் சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு கலாதேவியே வண்டியை எடுத்தாள். உள்ளே பதினோரு பேர்.

ஒன்பது மணிக்குப் பாறையில் பாய் விரித்து விளக்கேற்றினார்கள். முந்தின இரவு மலையில் மழை. இங்கே வானம் வெளுத்திருந்தது. சன்னாசி மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது இருபத்திரண்டுக்கு, தாலித்தட்டு எல்லோர் கையும் தொட்டுத் திரும்பிய நேரம், கலாதேவி தண்ணீரைப் பார்த்தாள். தெளிந்து ஓடியது தேநீர் நிறமாகியிருந்தது. சருகும் ஒடிந்த குச்சியும் மிதந்து வந்தன. அருவியின் இரைச்சல் தடித்திருந்தது. மேலே பெய்த மழை மொத்தமாகத் திரண்டு ஒரே சுவராக இறங்கும். கெபாலா ஆயர் என்பார்கள், அருவிக்கரையில் பிறந்தவர்களுக்கு அதன் அடையாளம் தெரியும்.

அவள் பாயிலிருந்து எழுந்தாள்.

"சாமி, நிறுத்துங்க. தண்ணி வருது. எல்லாரும் மேல ஏறுங்க."

"ரெண்டு நிமிசம்லா!" என்றான் அப்பாவு. "கட்டிட்டே ஏறலாம். இன்னொரு தடவ நிக்க வேணாம் தங்கச்சி."

அந்தச் சொல் அவளுக்கும் உறைத்தது. தன் கல்யாணத்தை இந்தத் தடவை நிறுத்துவது அவளேதான். ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"அண்ணி கையப் புடி. நீ முன்னால போ. விமலா, தாலிய எடு, விளக்க விடு."

ஜெயபாலன் ஒரு கேள்வியும் கேட்காமல் சன்னாசியைத் தோளில் தாங்கி ஏற்றினார். கலாதேவி கடைசியாக நின்று தலைகளை எண்ணினாள். அண்ணி வழுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். அவளைத் தூக்கி ஏற்றினார்கள். பத்து பேர் மேலே போனபின் பதினொன்றாவதாக அவள் கால்வைத்தாள். ஒன்பது இருபத்தாறுக்கு அருவி பாறையை விழுங்கியது. பாய், விளக்கு, மாலை எதுவும் மிஞ்சவில்லை.

அண்ணியைத் தூக்கிக்கொண்டு பழைய லாரிப்பாதை வரை காட்டுக்குள் ஏற வேண்டியிருந்தது. அங்கே எல்லோரும் மூச்சு வாங்கி நின்றபோது பத்து ஏழு. சன்னாசி கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தயங்கினார்.

"நேரம் போயிருச்சேம்மா. இனி வேற நாள்தான் பாக்கணும்."

கலாதேவி அண்ணனைப் பார்க்கவில்லை, சேற்றுச் சேலையை உதறிக்கொண்டிருந்தாள். அப்பாவுதான் முன்னால் வந்தான். பட்டு வேட்டி முழங்கால்வரை செம்மண்.

"எந்த நேரம் சாமி போச்சு? கீழ கட்டியிருந்தா பதினோரு பேருக்கும் நேரம் போயிருக்கும். என் தங்கச்சி எண்ணி ஏத்திக் கொண்டாந்து நிறுத்தியிருக்கா. சொல்லுங்க மந்திரத்த."

சன்னாசி சொன்னார். மேளம் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள், அண்ணி மண்ணில் உட்கார்ந்தபடியே தட்டினாள். ஜெயபாலன் விமலாவிடமிருந்து தாலியை வாங்கினார். நனைந்த மஞ்சள் கயிறு வழுக்கியது.

"அவசரம் வேணாம்," என்றாள் கலாதேவி, தலை குனிந்தபடி. "நல்லா இறுக்கிக் கட்டுங்க."

பத்து பதினான்குக்கு மூன்றாவது முடிச்சு விழுந்தது.