ஒரே தறிச் சத்தம்

கொரியாவின் தேகு நகரத்து நெசவாலையில் இருபத்தாறு வருடம் தறி ஓட்டிய மல்சுக்குக்கு, ஐம்பத்தொன்பதாவது வயதில் எவர்சில்வர் கரண்டி எதிரியாகிப்போனது. கிண்ணத்தில் அது இடித்தாலே காதுக்குள் ஊசி இறங்கியது. வருடா வருடம் அவள் வீட்டில்தான் பெண்கள் கூடிக் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி என்ற முட்டைக்கோஸ் ஊறுகாய் போடுவார்கள். பேசின்கள் மோதும் சத்தம் அவளுக்கு ஆகாது என்று, இந்த வருடம் ஒக்பூன் வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பெற்ற மகளே அங்கேதான் போகிறாளாம். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஒக்பூன் யார்? பக்கத்துத் தறிக்காரி. அதே இரைச்சலில் அதே இருபத்தாறு வருடம் நின்றவள். இன்றைக்கும் பாத்திரக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து தெருவே கேட்கச் சிரிக்கிறாள்!

காது டாக்டர் தோண்டித் தோண்டிக் கேட்டார். தலையில் அடிபட்டதா, முகம் ஒரு பக்கம் கோணியதா, ஒற்றைத் தலைவலி உண்டா, புதிதாக மாத்திரை ஏதும் சாப்பிட்டீர்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள்.

"தறிச் சத்தமா இருக்கலாம்மா. உறுதியாச் சொல்ல முடியாது. நாள் பூரா காதுல பஞ்சு வைக்கிறீங்களே, அதுவும் தப்பு. அமைதிக்குப் பழகின காது, சின்னச் சத்தத்தையும் பெருசாக்கிடும்."

"கூட நின்னவ நல்லாத்தானே இருக்கா, டாக்டர்?"

"ஒவ்வொருத்தர் காது ஒவ்வொரு மாதிரிம்மா."

இதெல்லாம் ஒரு பதிலா?

கிம்ச்சி நாளன்று பஞ்சும் காதுமாகவே போனாள். ஒக்பூன் முற்றத்தில் முதுகைக் காட்டி முட்டைக்கோஸ் அலசிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, என் மகளையும் வளைச்சுப் போட்டுட்டியா?"

பதில் இல்லை. இன்னும் உரக்கக் கத்தினாள். ம்ஹூம். தோளைத் தொட்ட பிறகுதான் ஒக்பூன் திரும்பினாள். அவள் கண் நேராக மல்சுக்கின் உதட்டுக்குப் போனது. ஆலையில் இரைச்சலுக்கு நடுவே எல்லோரும் அப்படித்தான் உதட்டைப் பார்த்து வம்பளப்பார்கள். ஆலையை விட்டு ஏழு வருடமாயிற்றே!

"உனக்குக் காது கேக்கலையாடி?"

"யார்கிட்டயும் சொல்லிடாதக்கா. எல்லாரும் சிரிச்சா நானும் சிரிச்சு வைக்கிறேன்."

அப்போதும் மல்சுக்குக்கு முதலில் வந்தது பொறாமைதான். அமைதியையும் இவளே வாரிக்கொண்டாளே!

ஒக்பூன் கையிலிருந்த பேசினைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். பிறகு பழையபடி, குரலே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தாள்.

"என் பேரன் பேச ஆரம்பிச்சுட்டான். எல்லாரும் கேட்டாங்க, எனக்குத்தான் கேக்கல. உன் காதை நெனச்சா எனக்கு வயித்தெரிச்சலா இருக்குக்கா."

மல்சுக்கும் வாயை மட்டும் அசைத்தாள். "என்ன சொன்னான்?"

"யார்கிட்டப் போய்க் கேப்பேன்? உள்ளதான் இருக்கான். நீ கேட்டுச் சொல்லேன்."

மல்சுக் இரண்டு காதுப் பஞ்சையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, பாத்திரங்கள் மோதிக்கொண்டிருந்த அடுக்களைக்குள் போனாள்.