கூடப் பாண் தின்கிறவள்

என் கணவர் ஓய்வுபெற்ற அன்று காலை அவருடைய அலுவலகத்தில் பிரியாவிடை வைத்தார்கள். கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி வந்திருந்ததால் இவர் ஆங்கிலத்தில் பேசினார். முடிக்கும்போது என் பக்கம் கையை நீட்டி, 'மை கம்பேனியன்' என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். அந்தச் சொல்லை வகுப்பில் எத்தனையோ தடவை பிரித்துக் காட்டியிருக்கிறேன். லத்தீனில் 'கொம்' என்றால் கூட. 'பானிஸ்' என்றால் ரொட்டி, அதாவது பாண். கூட இருந்து பாண் தின்கிறவர்தான் கம்பேனியன். போர்த்துக்கேயர் நமக்குத் தந்துவிட்டுப்போன பாணும் அதே வேர்தான் என்றால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நான் இவரோடு இருந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. இவர் சாப்பிடும்போது பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துப் போடவேண்டும். இவர் எழும்பிக் கை கழுவிய பிறகு, சட்டியில் ஆறிக் கிடந்த மிச்சம் எனக்கு. நானும்தான் விடிய எழும்பிச் சமைத்துவிட்டு வேலைக்கு ஓடினேன்.

அன்று மத்தியானம் குருக்கள்மடத்தில் எங்கள் வீட்டில் விருந்து. இவருடைய கூட்டாளிகள் மேசையைச் சுற்றி இருந்தார்கள். நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

இவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "என்ன புள்ள, ஆக்கள் இருக்காங்க. இறால் கறியக் கொண்டா."

"குசினிக்குள்ள இருக்கு. போய் எடுங்க."

"உனக்கு என்ன பேய் பிடிச்சிருக்கு இண்டைக்கு?"

"காலையில என்னை கம்பேனியன் எண்டீங்களே, கூட இருந்து சாப்பிடுறவள் எண்டுதான் அதுக்கு அர்த்தம். நான் எப்ப உங்களோட இருந்து சாப்பிட்டன்?"

ஒருவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க அண்ணன். உங்கட வீட்டிலயும் இதுதானே நடக்குது?"

அவர் சோற்றைப் பிசையத் தொடங்கினார். ஒருவரும் குசினிக்குப் போகவில்லை. நான் எழும்பாமல் சாப்பிட்டு முடித்தேன்.

பிறகு கனடாவிலிருந்து மகள் கோல் எடுத்தாள். அப்பா சொல்லி அழுதாராம். "தனிய இருக்கக்குள்ள சொல்லியிருக்கலாமேம்மா."

"தனிய இருந்துதான்டி இவ்வளவு காலமும் திண்டன்," என்று கத்திவிட்டு ஃபோனை வைத்தேன்.

இப்போது மேசையில் இரண்டு பீங்கான் வைக்கிறேன். இவர் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு டீவிக்கு முன்னால் போய்விடுகிறார். கறி வேண்டுமா என்று கேட்டு நான் பின்னால் போவதில்லை. கோபம் ஆறவில்லை. ஆனால் சோற்றைச் சுடச்சுடச் சாப்பிடுகிறேன்.