டாக்டர் தம்பி

எக்ஸ்ரே அறையில் பதினாறு வருஷமாக வேலை பார்ப்பவர் அவர். லீவு கிடைத்தால் போதும், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறக் கிளம்பிவிடுவார்.

அப்படிப் போனபோது ஒருமுறை இறக்கத்தில் கால் பிசகி, கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்தான் அவரை முதுகில் சுமந்துபோய்த் தன் வீட்டில் இறக்கினார். தகரக் கூரை, இரண்டே அறை. இருந்த ஒரே கட்டிலை அவருக்கு விட்டுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் நான்கு நாள் தரையில் படுத்தார்கள்.

"தம்பிக்கு எங்க வேலை?"

"ஆஸ்பத்திரியில."

"அட, டாக்டரா!" என்றாள் அந்த அம்மாள், முகமெல்லாம் மலர.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழுந்தது. வாய் சாப்பிடப் போய்விட்டது.

அன்றிலிருந்து அவர் 'டாக்டர் தம்பி'. அவர்கள் அக்கா, மாமா. ஒன்பது வருஷம் சொந்தக்காரர் மாதிரி போய் வந்தார். "நானும் ஒருதரம் வர்றேனே" என்று மனைவி கேட்கும்போதெல்லாம், குட்டு உடைந்துவிடுமே என்று ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தார்.

பிறகு ஒருநாள் அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மேடு ஏறினா நெஞ்சை அடைக்குது தம்பி. என்னவா இருக்கும், நீங்களே சொல்லுங்க."

டாக்டரிடம் காட்டுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. அப்போ நீங்க யாரு என்று கேட்டுவிட்டால்?

"வாயுவா இருக்கும்க்கா. வெந்நீர் குடிங்க."

இரண்டு மாதம் கழித்து, ஒரு மத்தியான வேளையில் சக்கர நாற்காலி ஒன்று அவர் அறைக்குள் வந்தது. அதில் அக்கா. கதவோரம் மாமா. நீலச் சட்டையும், 'எக்ஸ்ரே டெக்னீஷியன்' என்று எழுதிய கழுத்து அட்டையுமாக டாக்டர் தம்பி நின்றார்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார். அவள் அவரையே பார்த்தபடி, இழுக்க முடிந்த அளவுக்கு இழுத்தாள்.

படத்தைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. இதயம் பெருத்து, நுரையீரலில் நீர் கோத்திருந்தது. டாக்டர் வந்து பார்த்தார். வாயு என்று வெந்நீர் குடித்துவந்ததை அக்கா சொன்னதும் சத்தம் போட்டார்: "இத்தனை நாள் என்ன பண்ணீங்க? வாயுன்னு எவன் சொன்னான்?"

மாமா எக்ஸ்ரே எடுத்தவர் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லலைங்க. நாங்களா நினைச்சுக்கிட்டோம்."

மாமா கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

மறுநாள் வார்டில் கட்டிலோரம் நின்று சொன்னார். "நான் டாக்டர் இல்லைக்கா. வெறும் படம் எடுக்கிறவன்."

அக்கா கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, "டாக்டருங்கிறதுக்காகவா உன்னைத் தூக்கிட்டு வந்தோம்? கால் வீங்கிக் கெடந்தே, தூக்கிட்டு வந்தோம்" என்றாள். முதல் முறையாக 'நீ' என்று சொன்னாள்.

"நல்லவேளை, என் முதுகுவலிக்கு உங்கிட்ட மருந்து கேக்கலை" என்றார் மாமா. கேட்டவரால் சிரிக்க முடியவில்லை.

அக்கா பிழைத்துக்கொண்டாள். ஆனால் மலை வீட்டுக்கு ஏற முடியாது என்றாகிவிட்டது. ஆடுகளை மாமாவின் தம்பிமாரிடம் விட்டுவிட்டு, இருவரும் அடிவாரத்தில் குடியேறினார்கள். மாதாமாதம் அவரும் மனைவியும்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள். அவர் மனைவியும் அக்காவும் இப்போது ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி. மாமா இன்னமும் பக்கத்து வீட்டாரிடம் "எங்க டாக்டர் தம்பி" என்றுதான் சொல்கிறார், கண்ணைச் சிமிட்டியபடி.

அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் அக்கா இருமுறை நின்று மூச்சு வாங்குவாள். அந்த நேரம் மட்டும், அன்று வாயு என்று சொன்னவர் எழுந்துபோய், கழுவின கையையே மறுபடி கழுவிக்கொண்டு நிற்பார்.