ஒயர் மாட்டாத எக்கோ பெட்டி

ஆக்லாந்தில் எங்கள் ஆட்கள் கலைவிழா நடத்தினால், நேரம் போதாமல் போவது கடைசியில் பாட்டுக்காரன் தலையில்தான் விடியும். அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

போன விழாவில் ஒரு பாடகி பாடவிருந்த பழைய பாட்டுக்குக் கிட்டார் வாசிக்கக் கூப்பிட்டார்கள். அதன் நடுவே கிட்டார் எதிரொலித்துத் தேய்ந்து மறையும். அந்த எக்கோவுக்குக் காலடியில் மிதிக்க ஒரு சின்னப் பெட்டி வேண்டும். கடையில் ரெடியாகவே கிடைக்கும். எனக்கோ அதை என் கையால் செய்ய வேண்டும் என்று வெறி. உதிரி பாகங்களைப் பையில் போட்டு விற்கும் ஒரு கிட்டை ஆன்லைனில் வாங்கினேன்.

பென்ரோஸில் வேலை முடிந்து பிளாட் புஷ் வீட்டுக்கு வந்தால் நேரே கராஜ்தான். ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயனை அதிக நேரம் வைத்துத் தொலைத்தேன். சர்க்யூட் போர்டிலிருந்த செம்புக் கோடு உரிந்து கையோடு வந்துவிட்டது. இன்னொரு கிட் வாங்கினேன். அதில் சிப்பைத் திருப்பி மாட்டி, சனியன், புகையே வந்தது.

“வீடு பூரா கருகல் நாத்தம். காரு மழையில நிக்குது. இதெல்லாம் உங்களுக்குத் தேவையா?” என்றாள் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து என் வாசிப்பைப் பற்றி அவள் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இந்த ஒரு பாட்டுக்காவது சொல்லிவிட மாட்டாளா என்றுதான் அத்தனை பாடும் பட்டேன்.

புது சிப் வந்து மாட்டியதும் பெட்டி வேலை செய்தது. கம்பியைத் தட்டினால் ஒலி திரும்பத் திரும்ப வந்து அடங்கியது. அடேயப்பா என்று தனியாகக் கத்தினேன். அவள் கடைக்குப் போயிருந்தாள்.

விழா மனுகாவில் ஒரு ஹாலில். விளம்பரம் கொடுத்தவருக்குப் பொன்னாடை, அவரை அழைத்து வந்தவருக்குப் பொன்னாடை, போர்த்தியவருக்கும் ஒரு பொன்னாடை. எங்கள் முறை வந்தபோது ஹாலைக் காலி செய்ய வேண்டிய நேரம். செயலாளர், யாழ்ப்பாணத்துக்காரர், ஓடி வந்தார்.

“தம்பி, வயர் கொழுவி சவுண்ட் பாக்க நேரமில்லை. ரெக்கோட் பண்ணின ட்ராக்கைப் போடுவம். நீங்கள் வாசிக்கிற மாதிரி நில்லுங்கோ.”

“அண்ணே, ட்ராக்ல கிட்டாரும் இருக்கே?”

“ஓம், அப்ப இன்னும் நல்லதுதானே!”

பாடகி மைக்கைப் பிடித்துவிட்டாள். நான் நின்றேன். ஒயர் மாட்டாத பெட்டியை மிதிக்கவும் செய்தேன், வெட்கங்கெட்டவன். கைதட்டல் அள்ளியது.

காரில் ஏறியதும் மனைவி என் கையைப் பிடித்தாள். “ஏங்க, சும்மா சொல்லக்கூடாது. அந்த எக்கோ வந்துச்சு பாருங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு. இதுக்குப் போயா உங்கள அவ்வளவு திட்டினேன்?”

அது நானில்லைடி என்பது நாக்கு நுனி வரை வந்தது. காரை ஸ்டார்ட் செய்தேன்.

“வீட்டுக்குப் போனதும் எனக்கு மட்டும் இன்னொரு தடவ வாசிங்க.”

வாசித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்; கை வலிக்கிறது என்றேன். அதன் பிறகும் அவள் கேட்டுப் பார்த்தாள். இப்போது கேட்பதை விட்டுவிட்டாள்.