குறி போட்ட பெட்டி

சடையன் இறந்துவிட்டார் என்று போன வியாழக்கிழமை போன் வந்தபோது நான் நம்பவில்லை. முன்பும் ஒருமுறை இப்படிச் சேதி வந்து, மாலையும் கையுமாக மலையேறிப் போனால், மனுஷன் களத்தில் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை பேசியது அவர் மகள் வள்ளி, திருப்பத்தூரில் நர்ஸ். "நானே பக்கத்துல இருந்தேன் சார்" என்றாள்.

ஜவ்வாது மலையில் அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், எதையும் லேசில் நம்புகிறவர் இல்லை. நானும் அப்படித்தான். எங்கள் பழக்கமே சந்தேகத்தில்தான் தொடங்கியது.

எழுபதுகளின் கடைசியில் அங்கே ஓராசிரியர் பள்ளிக்கு வாத்தியாராகப் போனேன். முதல் பரீட்சை வைத்து, தப்பான கணக்குகளுக்கெல்லாம் சிவப்பு மையில் பெரிய எக்ஸ் போட்டு நோட்டுகளைக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் ஒரு பிள்ளையும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பள்ளிக் கொட்டகையில் புளி அடுக்க யாருக்கோ ஆசை, அதற்காக என்னை விரட்டப் பார்க்கிறார்கள் என்று நானாக முடிவு கட்டினேன்.

மூன்றாம் நாள் சடையன் வந்தார். கையில் மூன்றாம் வகுப்பு வள்ளியின் நோட்டு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மலையில் மரம் எடுக்க வருகிறவர்கள், வெட்டப்போகும் மரத்தில் சிவப்புப் பெயின்டால் போடும் குறியும் இதே எக்ஸ்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"மரத்துக்குப் போட்டாங்க, லாரி வந்துச்சு. இப்ப எம் பொண்ணுக்குப் போட்டுக்கீறீங்க. லாரி எப்ப வரும் சார்?"

நான் சிரித்துத் தொலைத்தேன். அவர் முகம் இறுகிவிட்டது. அவசரமாக விளக்கினேன். இது ஆங்கிலத்தில் கடைசியிலிருந்து மூன்றாவது எழுத்து, ரோமாபுரியில் இதைப் பத்து என்று வாசித்தார்கள் என்று சுவர்க் கடிகாரத்தில் காட்டினேன். பெரிய படிப்பில், இன்னதென்று தெரியாத எண்ணுக்கும் இதைத்தான் எழுதுவார்கள் என்றேன். இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லாரி எதுவும் வராது, வள்ளியை யாரும் கொண்டுபோக மாட்டார்கள் என்று அடித்துச் சொன்னேன்.

"அப்ப ஒங்க பொட்டி மேல போடுங்க. பாப்போம்" என்றார்.

என் தகரப் பெட்டியின் மூடியில் அவர் கண்ணெதிரே சிவப்புப் பெயின்டால் போட்டேன். அதிலிருந்து தினமும் காலையில் வந்து, பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். பாதையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். எட்டாம் நாள் வள்ளியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மற்ற பிள்ளைகளும் பின்னாலேயே வந்தார்கள். அதற்குப் பிறகு தப்புக் கணக்குக்கு அடியில் கோடு போடுவதோடு சரி.

ஆனாலும் தினம் வந்து பெட்டியைப் பார்க்கிற மனிதர்மேல் எனக்குச் சந்தேகம். ஆலங்காயம் போய் ஒரு பூட்டு வாங்கிவந்து மாட்டினேன். பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்களும் நம்ம ஆளுதான் சார்" என்றார்.

ஆறு வருடம் கழித்து மாற்றல் வந்தது. வள்ளி மலையிலேயே எட்டாவது முடித்திருந்தாள். அவளைத் திருப்பத்தூர் விடுதியில் சேர்த்துப் படிக்கவைக்கும்படி அவரை மாதக்கணக்காக நச்சரித்தவன் நான். புறப்பட்ட அன்று பஸ் வரவில்லை. புளி ஏற்றிய லாரியில்தான் நானும் விடுதிக்குக் கிளம்பிய வள்ளியும் கீழே இறங்கவேண்டியதாயிற்று. என் பெட்டியைச் சடையனே தூக்கி ஏற்றினார். பக்கத்தில் மகளின் படுக்கைச் சுருளை வைத்தார். மூடியிலிருந்த சிவப்பைக் கையால் தடவிப் பார்த்தார்.

"நான் அன்னிக்கே கேட்டேன் சார்" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வள்ளி அதன்பிறகு மலையில் ஒரு வாரத்துக்குமேல் தங்கியதில்லை. பெட்டி இன்னும் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. துருப்பிடிக்கிறதே, பெயின்ட் அடித்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் விடவில்லை. லாரி வராது என்று அவரிடம் அடித்துச் சொன்னவன் நான்தான்.